தாய்வழி வந்த நிலம் யார் கையில் இருந்தது?

சார்பதிவாளர் அலுவலகத்தில் கேமரா முன்னால் உட்கார்ந்து, கைரேகை வைத்து, தன் பங்கை இரண்டு அண்ணன்மாருக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார் அந்த அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பிறந்தது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமம், வாக்கப்பட்டு வந்தது வியாசர்பாடி. "யாரும் கட்டாயப்படுத்தலையேம்மா?" என்று உள்ளே கேட்டபோது, "இல்லீங்க சார், மனசாரத்தான்" என்று சொன்னார். அண்ணன்கள் காருக்குப் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன் வக்கீலம்மா, கேரளாவுல எல்லாம் பொம்பளைங்களுக்குத்தான் சொத்தாமே? அங்க பொறந்திருந்தா இப்படிக் கையெழுத்து போட வேண்டி இருந்திருக்காதுல்ல?"

வெயிலில் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. "அங்கயும் அப்படி இல்லீங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். அவர் மட்டுமல்ல, படித்தவர்களிலும் பலர் தாய்வழிச் சமூகம் என்றால் நிலமெல்லாம் பெண்களின் ஆட்சியில் இருந்தது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பத்திர எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் ஒரு வாசகத்தை எடுத்துக்கொள்வோம். "தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." வேகமாக வாசித்துத் தள்ளிவிட்டுப் போகிற வரிதான். ஆனால் சொத்துரிமை முழுவதும் அதற்குள் இருக்கிறது. தானம் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம், இருந்து அனுபவிக்கலாம், அடுத்த தலைமுறைக்கு விடலாம். ஒரு நிலம் யாருடையது என்று கேட்டால் இத்தனையையும் தனித்தனியே கேட்க வேண்டும். தாய்வழிச் சமூகங்கள் பெரும்பாலானவற்றில் பாரம்பரியம் பெண் வழியாக ஓடியது. தானமும் விக்கிரயமும் ஆண் கையில் இருந்தன.

மலபாரில் இருந்தே தொடங்கலாம். அது நமக்கு அந்நிய ஊர் அல்ல. 1956 வரை மலபாரும் தென் கன்னடமும் சென்னையின் கீழ்தான் இருந்தன. நாயர்களின் மருமக்கத்தாயம், துளு நாட்டின் அளியசந்தானம் என்ற இரண்டு தாய்வழிச் சொத்து முறைகளும் வழக்காக வந்து நின்றது நம் உயர் நீதிமன்றத்தில்தான். அவற்றைத் திருத்திய சட்டங்களும் சென்னைச் சட்டசபையில்தான் நிறைவேறின.

மருமக்கத்தாயத்தில் குடும்பத்துக்குத் தறவாடு என்று பெயர். ஒரு மூதாட்டி, அவள் பிள்ளைகள், மகள்களின் பிள்ளைகள், மகள் வழிப் பேத்திகளின் பிள்ளைகள் எல்லாரும் ஒரு தறவாடு. மகனின் பிள்ளைகள் அதில் சேர மாட்டார்கள், அவர்கள் தங்கள் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள். நிலம் முழுவதும் தறவாட்டின் பொதுச் சொத்து. பாகம் பிரிக்க வேண்டுமென்றால் வயது வந்த அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். ஒருவர் மறுத்தாலும் பிரிக்க முடியாது.

அந்த நிலத்தைக் குத்தகைக்கு விடுவது, விளைச்சலில் வாரப் பங்கு வாங்குவது, கணக்குப் பார்ப்பது, கோர்ட்டுக்குப் போவது எல்லாம் காரணவர் வேலை. காரணவர் என்றால் தறவாட்டின் மூத்த ஆண், பெண்களுக்கு அண்ணன் அல்லது தாய்மாமன். ஆண் வாரிசே இல்லாத இடங்களில் பெண் அந்த இடத்துக்கு வந்ததுண்டு, அது விலக்கு. வெள்ளைக்கார ஆட்சியில் கோர்ட்டுகள் இந்து கூட்டுக் குடும்பத் தலைவரை மனத்தில் வைத்துக்கொண்டே காரணவரையும் பார்த்தன. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு நெளிந்து கொடுத்துக்கொண்டிருந்த வழக்கம் தீர்ப்புகளில் இறுகியது. காரணவரின் பிடியும் அதோடு இறுகியது.

இதைச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்களுக்கு ஒன்றுமே இல்லை என்று முடித்துவிடுவது அநியாயம். இருந்தது, நம் பெண்களுக்கு இல்லாத ஒன்று. பிறந்த வீட்டிலேயே சாகும்வரை இருக்கும் உரிமை. கணவன் வந்து போகிறவன். உறவு முறிந்தால் அவன் வருவது நிற்கும், அவ்வளவுதான். அவள் படுத்த பாய், அடுப்பு, பிள்ளைகளின் சோறு, எதுவும் அசையாது. விதவை என்பதற்காக ஒருத்தி தெருவில் நிற்க வேண்டியதில்லை. அண்ணனுக்குப் பங்கைக் கொடுத்தால்தான் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கலாம் என்ற பேரமும் இல்லை. நான் பார்க்கும் விடுதலைப் பத்திரங்களில் பாதிக்கு மேல் அந்தப் பேரத்தில்தான் எழுதப்படுகின்றன.

ஆக, வம்சம் யார் வழி போகிறது என்பதைவிட, பெண் எந்தக் கூரையின் கீழ் வாழ்கிறாள் என்பதே பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்குச் சாட்சி நம் நாஞ்சில் நாட்டில் இருக்கிறது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதி வேளாளர்களில் ஒரு பிரிவினர் தமிழர்களாகவே இருந்துகொண்டு மருமக்கள் வழியைக் கைக்கொண்டவர்கள். திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த மண் அது. சொத்து மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போகும். ஆனால் நாயர் வழக்கத்துக்கும் இவர்கள் வழக்கத்துக்கும் ஒரு முக்கிய வேறுபாடு, அது பெண்ணின் தலையில் விழுந்தது. இங்கே மனைவி கணவன் வீட்டுக்கு வந்து வாழ்ந்தாள். கணவன் கண்ணை மூடினால் வீடும் வயலும் அவன் சகோதரியின் மகனுக்கு. இருபது வருஷம் அந்த வீட்டில் ஆக்கிப் போட்டவளும் அவள் பெற்ற பிள்ளைகளும் வெளியே. உகந்துடைமை என்று ஒரு பங்கு கொடுக்கும் வழக்கம் உண்டு. அதற்கும் வாரிசாக வந்தவரின் மனம் கனிய வேண்டும்.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதியது இதைப் பார்த்துத்தான். ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியைப் பேச விட்டிருப்பார் அதில். 1917-18இல் பத்திரிகையில் தொடராக வந்தபோது அந்தச் சமூகத்துக்குள்ளேயே பெரிய சலசலப்பு. 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென்று தனிச் சட்டம் வந்தது, பெற்ற பிள்ளைகளுக்கும் உரிமை கிடைத்தது. சீர்திருத்தம் வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. தாய்வழி என்ற பெயர் இருந்தும் ஒரு தாய் இப்படி நிர்க்கதியாக நிற்க முடிந்தது என்பதைத்தான் இங்கே கவனிக்கச் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிரான ஏற்பாட்டைப் பார்க்க ஐகோர்ட்டிலிருந்து நடக்கும் தூரம் போனால் போதும். மண்ணடியில் காயல்பட்டினம், கீழக்கரைக் குடும்பங்கள் வியாபாரம் செய்கின்றன. அங்கே எனக்குப் பழக்கமான ஒரு காயல்பட்டினத்து லாத்தா (அக்கா) இருக்கிறார். மகளுக்கு ஊரில் வீடு எழுதி வைப்பது பற்றிக் கேட்க வந்தவர். "எங்க ஊர்ல பொம்பளப் பிள்ளைக்கு வீடு இல்லன்னா கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டாக" என்றார். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டுக்கு வீடு பின்கட்டு வழியாக, முடுக்கு எனும் குறுகிய சந்துகளில், தெருவுக்கு வராமலே பெண்கள் அக்கா தங்கை வீடுகளுக்குப் போய் வரலாம். அந்த ஊரின் அமைப்பே தாய், மகள், சகோதரி உறவின்மேல் எழும்பியது.

இஸ்லாமிய வாரிசு முறையில் மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு. அது இறந்த பின் பிரிக்கும் கணக்கு. இவர்கள் உயிரோடு இருக்கும்போதே வீட்டை மகளுக்கு ஹிபாவாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஹிபா என்றால் தானம், மார்க்கம் அனுமதிப்பது. மார்க்கமும் மீறப்படவில்லை, ஊர் வழக்கமும் நின்றது. லட்சத்தீவு முஸ்லிம்கள் இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தார்கள். தறவாட்டுப் பொதுச் சொத்து 'வெள்ளியாழ்ச்சை' சொத்து, அது தாய்வழி போகும். சொந்தச் சம்பாத்தியம் 'திங்களாழ்ச்சை' சொத்து, அது மார்க்க முறைப்படி பிரியும்.

"பத்திரம் யார்கிட்ட இருக்கு லாத்தா?" என்று கேட்டேன்.

"எங்க உம்மா பீரோவுல. சாவி உம்மா இடுப்புல."

அந்தப் பதிலுக்காகவே அன்று மகிழ்ந்தேன். ஆனால் பேசப் பேச அடுத்த பக்கமும் வந்தது. மண்ணடிக் கடை யார் பெயரில்? தம்பிமார் பெயரில். போட்ட முதல் யாருடையது? வாப்பாவுடையது, பிறகு தம்பிமாருடையது. வீடு பெண்ணுக்கு, தொழில் ஆணுக்கு. விற்றால் லாபம் வரும் சொத்து ஒரு பக்கம், விற்கவே கூடாத சொத்து மறுபக்கம். போதாததற்கு, நாலு மகள் பெற்ற வீட்டில் நாலு வீடு கட்டியாக வேண்டும். அதற்காகவே வெளிநாட்டில் காலம் கழித்த வாப்பாமாரும் அண்ணன்மாரும் உண்டு. வீடு இல்லாத பெண்ணின் நிலை என்னவாகும் என்று யோசித்தால், உரிமை என்று நாம் புகழ்வது அங்கே ஒரு நிபந்தனையாகவும் இருப்பது தெரியும்.

கடல் தாண்டி மட்டக்களப்பிலும் கிட்டத்தட்ட இதே படம்தான். தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் 'குடி' முறையைப் பேணுகிறார்கள், மகளுக்குச் சீதனமாக வீடும் வயலும். கோயிலில் எந்தக் குடிக்கு என்ன உரிமை என்பது தாயைக் கொண்டே முடிவாகும். ஆனால் வண்ணக்கராக, அதாவது கோயில் அறங்காவலராக, அமர்வது ஆண். யாழ்ப்பாணத்துத் தேசவழமை இன்னும் நுட்பமானது. 1707இல் டச்சுக்காரர் தொகுத்த சட்டம் அது. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணத்துக்குப் பின் தேடியது) என்று சொத்தைப் பிரிக்கும், தாயின் சீதனம் மகள்களுக்குப் போக வழி செய்யும். ஆனால் மணமான பெண் தன் பெயரிலுள்ள நிலத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். பெயர் அவளுடையது, பேனா அவனுடையது.

மேகாலயாவில் காசிப் பழங்குடி மக்களிடையே குடும்பச் சொத்து கடைக்குட்டி மகளுக்குப் போகிறது. பத்திரிகைகளில் இதை ஆச்சரியமாக எழுதுவார்கள். அவள் அதற்குக் காவல்காரி. பெற்றோரைக் கடைசிவரை பார்க்க வேண்டும், குடும்பச் சடங்குகளைத் தாங்க வேண்டும், கூடப் பிறந்தவர்கள் திரும்பி வந்தால் இடம் கொடுக்க வேண்டும். தாய்மாமனையும் சகோதரர்களையும் கேட்காமல் விற்க முடியாது. ஊர் நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் தர்பாரில் மரபுப்படி பெண்ணுக்கு இடமே இல்லை. பெட்டைக்கோழி கூவினால் உலகம் அழியும் என்று அவர்களிடம் ஒரு சொலவடை உண்டு. பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்று நாம் கேட்பதும் அதையேதான். மலைக்கும் சமவெளிக்கும் இந்த ஒரு விஷயத்தில் என்ன ஒற்றுமை பாருங்கள்.

இனி, மருமக்கத்தாயம் எப்படிக் கலைந்தது என்பதற்கு வருவோம். இந்தக் கதையில் என்னை அதிகம் வருத்தும் பகுதி இதுதான்.

1891இல் மலபார் திருமண ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி தி. முத்துசாமி ஐயர். அவர் சிலையைத் தாண்டித்தான் நாங்கள் தினமும் நடக்கிறோம். ஆணையத்தில் ஒரு பெண்கூட இல்லை. சென்னை வக்கீல் சி. சங்கரன் நாயர் முன்னெடுத்த முயற்சி 1896இல் சட்டமானது. திருமணத்தைப் பதிவு செய்துகொண்டால், ஆணின் சொந்தச் சம்பாத்தியத்தில் பாதி மனைவி மக்களுக்குப் போகும் என்றது. பதிவு செய்துகொண்டவர்கள் மிகச் சொற்பம். இங்கிலீஷ் படித்து, வக்கீலாகவும் குமாஸ்தாவாகவும் மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கிய ஆண்களுக்குத் தங்கள் சம்பாத்தியம் தங்கள் பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம் இருந்தது. நியாயமான ஏக்கம். இளையவர்களுக்குக் காரணவர்மேல் கோபம் இருந்தது, அதுவும் நியாயம். திருவிதாங்கூரில் 1925இல் ஆளுக்கொரு பங்காகப் பிரிக்க வழி பிறந்தது. சென்னைச் சட்டம் 1933இல் வந்தது. கடைசியாகக் கேரள அரசு 1975இல் சட்டம் இயற்றி, 1976 டிசம்பர் 1 முதல் கூட்டுக் குடும்பச் சொத்து முறையையே ஒழித்தது.

பாகம் பிரித்தபோது பெண்ணுக்கும் பங்கு கிடைத்தது, காகிதத்தில் அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பிரிந்த பங்கு இப்போது யாரும் விற்கக்கூடிய துண்டு. பழைய தறவாட்டில் அவளால் விற்க முடியாது, அவளை வெளியேற்றவும் முடியாது. புதிய ஏற்பாட்டில் அவள் விற்கலாம், அவளை மற்றவர்கள் விற்க வைக்கவும் செய்யலாம். நிர்வாகம் மாமன் கையிலிருந்து கணவன் கைக்கு மாறியது. அவள் கைக்கு வரவில்லை. கேரளத்திலும் வரதட்சணை பரவியது. காரணவரின் அதிகாரத்தை ஒழித்தவர்கள், கூடவே இருந்த கூரை உரிமையைக் காப்பாற்ற ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று அந்தச் சட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கூரை ஏன் முக்கியம் என்பதற்குக் கேரளத்திலிருந்தே ஒரு கணக்கு இருக்கிறது. பொருளியலாளர் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆய்வு செய்து 2005இல் வெளியிட்டார்கள். நிலமும் வீடும் சொந்தமாக இல்லாத மனைவிகளில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலம் மட்டும் இருந்தவர்களில் 18 சதவீதம், வீடு மட்டும் இருந்தவர்களில் 10 சதவீதம், இரண்டும் இருந்தவர்களில் 7 சதவீதம். நிலத்தைவிட வீடுதான் அவர்களை அதிகம் காப்பாற்றியிருக்கிறது. அடி விழும் நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்ற கேள்விக்கு வீடுதான் பதில்.

இன்னொரு விஷயம், எல்லாப் பெண்களும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 15ஆம் பிரிவு பெண்ணின் சொத்தைப் பற்றியது. உயில் எழுதாமல் அவள் இறந்தால் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கு. அதற்கும் பிறகுதான் அவளைப் பெற்ற தாய்க்கும் தகப்பனுக்கும். பெற்றோரிடமிருந்து வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு, அது தகப்பன் பக்கம் திரும்பும். சொந்த உழைப்பில் வாங்கியதற்கு அந்த விலக்கும் இல்லை. 2009இல் உச்ச நீதிமன்றம் இப்படியே தீர்ப்பும் சொன்னது. பிள்ளையில்லாத ஒரு விதவை உழைத்துச் சேர்த்தது அவளைக் கைவிட்ட கணவன் குடும்பத்துக்குப் போனது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில், மருமக்கத்தாயத்தாருக்கு வேறு வரிசை இருந்தது: முதலில் பிள்ளைகளும் தாயும், பிறகுதான் தகப்பனும் கணவனும். கணவனின் வாரிசுகள் கடைசியில். ஒரே சட்டம், இரண்டு பக்க இடைவெளியில், ஒரு பெண்ணின் சொந்தம் யார் என்ற கேள்விக்கு இரண்டு பதில்.

தமிழ்நாட்டில் நமக்குப் பெருமைப்பட விஷயம் உண்டு. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டோம். 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று சட்டத்தையே திருத்தினோம். ஆனால் அதற்கு முன் மணமானவர்கள் அதில் சேரவில்லை. மத்தியச் சட்டம் 2005 செப்டம்பர் 9 முதல் அந்த வேறுபாட்டை நீக்கியது. தகப்பன் அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. இவ்வளவுக்கும் பிறகும் விடுதலைப் பத்திரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நாட்டில் வேளாண் நிலத்தை நடத்துபவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம் என்றுதான் 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது.

வியாசர்பாடி அம்மா மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். பங்கை விட்டுக்கொடுத்ததற்கு அண்ணன்கள் கையில் கொடுத்த தொகையோடு, தன் நகையையும் சேர்த்துப் போட்டு, திருநின்றவூர்ப் பக்கம் முக்கால் கிரவுண்டு மனை பார்த்திருக்கிறார். தன் பெயரிலேயே வாங்க வேண்டும், பின்னால் அது மகளுக்குப் போக வேண்டும் என்றார். கிரயப் பத்திரத்தோடு உயிலும் எழுதிவிடலாம் என்றேன். 15ஆம் பிரிவைச் சொன்னதும், "என் மாமியார் வீட்டுக்கா போவும்?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

வரைவைப் பத்திர எழுத்தர் சத்தமாக வாசித்தார். "...புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

"அதுக்கு என்ன சார் அர்த்தம்?"

"மகன், பேரன்னு வழிவழியா அனுபவிக்கிறதும்மா."

"எனக்கு மகன் இல்லீங்களே. ஒரே பொண்ணுதான்."

"அது ஃபார்மட்டும்மா. எல்லாப் பத்திரத்துலயும் அப்படித்தான் வரும். சட்டப்படி ஒண்ணும் குறையாது."

அவர் சொன்னது சரிதான், குறையாது. அம்மா என்னைப் பார்த்தார். நான் வரைவை வாங்கி அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு, மேலே 'தன் வாரிசுகள்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் திருத்தத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு, "'மகள்'னே போட முடியாதா?" என்று கேட்டார்.

உயிலில் போட்டோம்.